முன் பெஞ்சுக்கு ஒரு கணக்கு, பின் பெஞ்சுக்கு ஒரு கணக்கா?

கேள்வி: ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். நாற்பது பிள்ளைகள். பின்னக் கூட்டல் கொடுத்தால் நாலைந்து பேர் சட்டென்று முடித்துவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். பத்துப் பேருக்குத் தொடங்கவே தெரியவில்லை. 'அவரவர் நிலைக்கு ஏற்ப நடத்துங்கள்' என்று பயிற்சியில் சொல்கிறார்கள். நாற்பது பாடக்குறிப்பா எழுத முடியும்?
- ஓர் ஆசிரியை

பதில்: எழுதவே வேண்டாம். பாடம் ஒன்று, எட்ட வேண்டிய இடமும் ஒன்று. யாருக்கு எவ்வளவு கைகொடுக்கிறோம் என்பதுதான் மாறும்.

மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டு, துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். மதிப்பெண் போடாதீர்கள், விடை வந்த விதத்தைப் பார்த்து அடுக்குங்கள். 2/5 என்று எழுதியவர்கள் மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டியவர்கள். அவர்களிடம் மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) பற்றி மறுபடி ஆரம்பித்தால் காதில் ஏறாது. ஒரே நீளத்தில் காகிதப் பட்டைகள் கொடுத்து, ஒன்றை இரண்டாகவும் இன்னொன்றை ஐந்தாகவும் மடிக்கச் சொல்லுங்கள். ஐந்தில் இரண்டு, பாதியைக்கூட எட்டாது. "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோமே, எப்படிக் குறைந்தது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். சண்டை போட்டு அவர்களே கண்டுபிடிப்பார்கள். பகுதியை, அதாவது கீழ் எண்ணை, 6 ஆக்கிவிட்டுத் தொகுதியில், அதாவது மேல் எண்ணில், சறுக்கியவர்களுக்குப் பாதி செய்து காட்டிய கணக்கு ஒன்று போதும்.

சரி, அந்த நாலைந்து பேர்? அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பது, சீக்கிரம் முடித்ததற்குத் தண்டனை. தினமும் அவர்களைக் குட்டி வாத்தியார் ஆக்குவதும் நியாயமில்லை. அவர்களும் படிக்கத்தானே வந்தார்கள்? தொகுதி 1 உள்ள இரண்டு வெவ்வேறு பின்னங்களைக் கூட்டி 3/10 கொண்டுவரச் சொல்லுங்கள். 1/5 + 1/10 என்று ஓடி வருவார்கள். "இன்னொரு விடையும் இருக்கிறது" என்று திருப்பி அனுப்புங்கள். (1/4 + 1/20. நீங்கள் தேட வேண்டாம்.)

குழுக்களை மட்டும் நிரந்தரமாக்காதீர்கள். ஒரே வாரத்தில் பிள்ளைகளே 'மக்குக் குழு' என்று பெயர் சூட்டிவிடுவார்கள். அடுத்த பாடத்துக்குப் புதுச் சீட்டு, புது அடுக்கு. பின்னத்தில் திணறியவன் கோணத்தில் முந்துவான்.

அப்புறம், 'பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர்' என்று பிள்ளைகளைப் பிரிக்கச் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். 2008-இல் உளவியல் ஆய்வாளர்கள் நால்வர் இதுபற்றிய ஆய்வுகளை அலசிவிட்டு, அப்படிப் பிரித்து நடத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள்.

எல்லாப் பாடத்துக்கும் சீட்டு வாங்க நேரம் இருக்காது. பிள்ளைகள் வருடா வருடம் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்; அங்கே மட்டும் வாங்குங்கள்.