நண்பர்கள் சேர்ந்து இணைய வானொலி தொடங்க என்ன வேண்டும்?

இசைப் பிரியர்கள் சிலர் சேர்ந்து இணைய வானொலி நடத்த முடியுமா, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். தொழில்நுட்பம்தான் இதில் எளிதான பகுதி. ஐஸ்காஸ்ட் என்ற இலவச மென்பொருள் ஒலியை நேயர்களுக்கு அனுப்பும். வானொலியை நிர்வகிக்க உதவும் அசுராகாஸ்ட் என்ற மென்பொருளை நிறுவினால் அதோடு பாடல் வரிசை, நிகழ்ச்சி அட்டவணை, ஒவ்வொரு அறிவிப்பாளருக்கும் தனிக் கணக்கு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பலர் சேர்ந்து நடத்துவதற்கு இதையே சொல்வேன்.

இந்த மென்பொருள் ஓட, எப்போதும் இணையத்தில் இருக்கும் ஒரு கணினி, அதாவது சர்வர் வேண்டும். அதை எடுக்கும் முன் கணக்குப் போடுங்கள். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) ஒலித் தரத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் சுமார் 58 எம்பி டேட்டா செலவாகும். ஒரே நேரத்தில் 100 பேர் என்றால் சர்வருக்கு நொடிக்கு 12.8 மெகாபிட் இணைய வேகம் வேண்டும்.

அப்புறம் உரிமம். இதைத் தள்ளிப்போடவே கூடாது. காசு கொடுத்து வாங்கிய பாட்டானாலும் ஒலிபரப்பும் உரிமை அதோடு வராது. பாட்டை எழுதி இசையமைத்தவர்களின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. பல நாடுகளில் இரண்டுக்கும் தனித்தனியே அனுமதி வாங்க வேண்டும். அது கிடைக்கும்வரை, தங்கள் பாட்டின் முழு உரிமையையும் கையில் வைத்திருக்கும் சுயாதீனக் கலைஞர்களிடம் எழுத்தில் சம்மதம் பெற்றுத் தொடங்கலாம். வேறெங்கும் ஒலிக்காத பாட்டுகளை ஒலிக்கவிடுவதுதான் இப்படியொரு வானொலியின் பெரிய பலம் என்று நினைக்கிறேன்.

நேரலைக்கு ஆள் வராத வேளையில் ஒலிபரப்பு நின்றுவிடாமல் இருக்க, தானாக ஓடும் பாடல் வரிசை ஒன்றை எப்போதும் தயாராக வையுங்கள்.