பதின்மூன்றாம் எண் சட்டை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, நீங்கள் அடிக்கடி பேஸ்பால் பற்றி எழுதுகிறீர்கள். பழைய சீசன்களில் ஒன்றே ஒன்றைத் திரும்பப் பார்க்கலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

1951. யோசிக்கவே வேண்டாம்.

மகள் வீட்டுக்கு நியூ ஜெர்சி போயிருந்தபோது, கீழ் வீட்டுப் பெரியவர் ஒருவர்தான் எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். புரூக்ளினில் பிறந்தவர். 1951-இல் அவருக்குப் பத்து வயது. அந்த வருடத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் காபியை ஆறவிட்டுவிடுவார்.

அப்போது நியூயார்க்கில் மூன்று பெரிய அணிகள். அதில் புரூக்ளின் டாட்ஜர்ஸும் நியூயார்க் ஜயன்ட்ஸும் ஒரே லீகில் இருந்த பங்காளிகள். ஆகஸ்ட் 11 அன்று ஜயன்ட்ஸ், முதலிடத்தில் இருந்த டாட்ஜர்ஸை விட 13 ஆட்டங்கள் பின்தங்கிக் கிடந்தது. மறுநாளிலிருந்து தொடர்ந்து 16 வெற்றி. கடைசி 44 ஆட்டங்களில் 37-ஐ ஜெயித்தார்கள். டாட்ஜர்ஸ் ஒன்றும் படுத்துவிடவில்லை. செப்டம்பர் 30, பிலடெல்பியா. தோற்றால் எல்லாம் முடிந்தது என்ற நிலையில் 12-வது இன்னிங்ஸில் (ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம், சமநிலையானால் நீளும்) டாட்ஜர்ஸ் வீரர் ஜாக்கி ராபின்சன் பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்தார். விழுந்த வேகத்தில் முழங்கை வயிற்றில் இடித்து, மூச்சு முட்டிக் கிடந்தார். அதே மனிதர் 14-வது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து அணியைக் காப்பாற்றினார். ஹோம் ரன் என்றால் நம் சிக்ஸர் மாதிரி, ஆனால் எப்போதாவதுதான் வரும். பின்னால் நடந்ததில் இந்த ஆட்டம் மறைந்துபோனது எனக்கு இன்றும் வருத்தம்.

இரு அணிக்கும் 96 வெற்றி, 58 தோல்வி. அதனால் யார் முதலிடம் என்று தீர்க்க மூன்று ஆட்டங்கள் தனியாக வைத்தார்கள். ஆளுக்கு ஒன்று ஜெயித்தாயிற்று. மூன்றாவது, அக்டோபர் 3, ஜயன்ட்ஸின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில். கடைசி இன்னிங்ஸ் தொடங்கும்போது டாட்ஜர்ஸ் 4, ஜயன்ட்ஸ் 1.

டாட்ஜர்ஸுக்குப் பந்து வீசியவர் டான் நியூகோம். சனிக்கிழமை முழு ஆட்டம் வீசி, ஞாயிறும் நடுவில் இறங்கி வீசியவர். கை ஓய்ந்துவிட்டது. ஜயன்ட்ஸில் இரண்டு பேர் அடித்து பேஸுக்குப் போனார்கள் (பேஸ் என்பது ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய இடம்; மொத்தம் நாலு). ஒருவர் அவுட். அடுத்து லாக்மேன் அடித்ததில் ஒரு ரன். இரண்டு பேர் பேஸில். மாற்றுப் பந்துவீச்சாளர் வேண்டும். ஓரத்தில் எர்ஸ்கின், பிராங்கா என்று இரண்டு பேர் கை சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். எர்ஸ்கின் வீசிய வளைபந்து தரையில் குத்தியதாம். சரி, அப்படியானால் பிராங்கா வரட்டும் என்று முடிவானது. ரால்ஃப் பிராங்கா, 25 வயது, முதுகில் 13-ஆம் எண். எதிரே மட்டை பிடித்து நின்றவர் ஜயன்ட்ஸின் பாபி தாம்சன். இரண்டு நாள் முன்புதான் இதே தாம்சன் இவர் பந்தை ஹோம் ரனுக்கு அடித்திருந்தார்!

முதல் பந்து ஸ்ட்ரைக், அதாவது பந்துவீச்சாளருக்குச் சாதகம்; மூன்று சேர்ந்தால் அவுட். இரண்டாவது பந்து இடது பக்கச் சுவரைத் தாண்டிப் பார்வையாளர்களுக்கு நடுவே விழுந்தது. பேஸில் நின்ற இருவரோடு தாம்சனும் சேர்ந்து மூன்று ரன். 5-4. வானொலியில் ரஸ் ஹாட்ஜஸ், ஜயன்ட்ஸ் ஜெயித்துவிட்டது என்று மீண்டும் மீண்டும் கத்தினார். வேலைக்குப் போன ஒரு ரசிகர் பதிவு செய்யச் சொல்லியிருந்தார். அவருடைய அம்மா பொத்தானை அழுத்தினார். அந்தக் குரல் நமக்குக் கிடைத்தது அந்த அம்மாவால்தான்.

எல்லோரும் தாம்சனைப் பார்த்தார்கள். ராபின்சன் மட்டும் மைதானத்தை விட்டு நகரவில்லை. இடுப்பில் கை வைத்தபடி, தாம்சன் ஒவ்வொரு பேஸையும் சரியாக மிதிக்கிறாரா என்று கடைசிவரை பார்த்துக்கொண்டே நின்றார். தவறவிட்டால் அவுட் கேட்கலாமே! ஆட்டத்தின் மேல் இப்படி மரியாதை வைத்தவர் வேறு யாரும் என் நினைவில் இல்லை.

கேள்வி: அந்த வெற்றியே திருட்டு வெற்றி என்கிறார்களே, உண்மையா?
(ஒரு வாசகி, திருநெல்வேலி)

உண்மைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பந்தை எப்படி வீச வேண்டும் என்று கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) பந்துவீச்சாளருக்கு விரலால் சைகை காட்டுவார். ஜயன்ட்ஸ் அணி மைதானத்தின் நடுக்கோடியில் இருந்த தங்கள் உடைமாற்றும் அறை ஜன்னலில் தொலைநோக்கி வைத்து அந்தச் சைகையைப் படித்தது. அங்கிருந்து மின்மணி அடித்து, ஓரத்தில் இருக்கும் ஆட்கள் மூலம் மட்டை பிடிப்பவருக்குச் செய்தி போனது. 2001-இல் ஒரு செய்தித்தாள் இதை வெளியிட்டது. பழைய வீரர்களே ஒப்புக்கொண்டார்கள். விதிப் புத்தகத்தில் அப்போது தொலைநோக்கிக்குத் தடை எழுதியிருக்கவில்லை. ஆனாலும் தப்பு தப்புதான். அந்தக் குறிப்பிட்ட பந்துக்குத் தான் சைகை வாங்கவில்லை என்று தாம்சன் கடைசிவரை சொன்னார். பந்து வருவது தெரிந்தாலும் அடிப்பது மட்டைதானே என்பதும் நியாயம்தான்.

என் மனம் நிற்பது பிராங்காவிடம். டெட்ராய்ட் அணிக்கு மாறிய பிறகு, சக வீரர் ஒருவர் மூலம் இந்தச் சங்கதி அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊரே தன்னைத் தோற்றவன் என்று சொல்லும்போது, கையில் இப்படி ஒரு பதில் இருந்தும் பல பத்தாண்டுகள் அவர் வெளியே பேசவில்லை. தாம்சனோடு சேர்ந்து மேடைகளில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இருவரும் நண்பர்களானார்கள். கீழ் வீட்டுப் பெரியவர் டாட்ஜர்ஸ் கட்சி. பிராங்காவை ஐம்பது வருடம் திட்டியவர். விஷயம் வெளியான அன்று காலை செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அழுதேன் என்று என்னிடம் சொன்னார்.

கேள்வி: வில்லி மேஸ் அந்த ஆட்டத்தில் இருந்தாரா?
(ஒரு மாணவர், சேலம்)

இருந்தார், தம்பி. தாம்சனுக்கு அடுத்து அடிக்க வேண்டியவர் அவர்தான், வயது 20. அந்த மே மாதம்தான் மினியாபொலிஸில் இருந்த கீழ்நிலை அணியிலிருந்து ஜயன்ட்ஸுக்கு அழைத்து வந்தார்கள். முதல் 12 முறை ஒன்றும் பலிக்கவில்லை. பிறகு வாரன் ஸ்பான் என்ற பெரிய பந்துவீச்சாளரின் பந்தை ஹோம் ரன் அடித்தார். அதற்கப்புறம் மறுபடி பூஜ்யங்கள். அழுதுகொண்டிருந்த பையனிடம், நான் மேலாளராக இருக்கும்வரை நீதான் ஆடுவாய் என்ற பொருளில் லியோ டுரோஷர் தைரியம் சொன்னார். அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் அவரே.

கேள்வி: மூன்றரை அடி உயர மனிதர் ஒருவர் ஆடினார் என்று படித்தேன். கதையா?
(ஒரு வாசகர், ஈரோடு)

கதையில்லை. அதே 1951, ஆகஸ்ட் 19, செயின்ட் லூயிஸ். பிரவுன்ஸ் அணி முதலாளி பில் வீக் கூட்டம் சேர்ப்பதற்காக எடி கெய்டல் என்பவரை இறக்கினார். 3 அடி 7 அங்குலம். சட்டை எண் 1/8. அவருக்குச் சரியான உயரத்தில் வீச யாரால் முடியும்? நாலு பந்தும் மேலே போக, இலவசமாக முதல் பேஸ். உடனே அவருக்குப் பதில் வேறு ஒருவர் ஓடினார். மறுநாளே லீக் தலைவர் தடை போட்டார். ஒரு மனிதரின் உயரத்தை வேடிக்கை ஆக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. கெய்டல் 36 வயதில் இறந்தார். இறுதிச் சடங்குக்கு வந்த பேஸ்பால்காரர் ஒரே ஒருவர்: அன்று அவருக்குப் பந்து வீசிய பாப் கெயின்.

கேள்வி: போலோ கிரவுண்ட்ஸ் மைதானம் இப்போதும் இருக்கிறதா?
(ஒரு வாசகர், காரைக்குடி)

இல்லை. 1964-இல் இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். மேட்டிலிருந்து இறங்கும் ஜான் பிரஷ் படிக்கட்டு மட்டும் இருக்கிறது. ஜயன்ட்ஸ் அணி கொடுத்தது என்ற எழுத்தும் அதில் இருக்கிறது. பெரியவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் இறங்கினேன். முழங்கால் வலியோடு பாதியில் நின்று, இடது பக்கச் சுவர் எங்கே இருந்தது என்று கைத்தடியால் காட்டினார். அங்கே பையன்கள் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.