3 கட்டையா, 4 கட்டையா? வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் பீட்டில்ஸ் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ பற்றி எழுதியபோது, 1967இல் வந்த ஆல்பத்தையும் அதன் 50ஆம் ஆண்டுக்காக 2017இல் வந்த மறுபதிப்பையும் கேட்டுவிட்டு எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள், சிலர் கோபமாகவே. ஐந்து கடிதங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அப்பா 1987இல் வந்த சிடியைத்தான் கேட்பேன் என்கிறார். எனக்கு 2017 பதிப்பில் டிரம்ஸ் உயிரோடு கேட்கிறது. பழையதைத் துடைத்துத் தருவதுதானே ரீமாஸ்டர்? அதற்கா இத்தனை வித்தியாசம்?

உங்கள் கையில் இருப்பது வெறும் ரீமாஸ்டர் இல்லை. தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் கலந்து முடித்த டேப்பை எடுத்து அதன் தொனியையும் சத்தத்தையும் சீர்செய்வதுதான் ரீமாஸ்டர். 2009இல் வந்தது அந்த வகை. 2017இல் வந்தது ரீமிக்ஸ். கலவையையே புதிதாகச் செய்திருக்கிறார்கள். செய்தவர்கள், இந்த ஆல்பத்தைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் சாம் ஓகெல்லும்.

லண்டனில் அபே ரோடு ஸ்டூடியோவில் அப்போது இருந்தவை நான்கு டிராக் டேப் மெஷின்கள், அதாவது ஒரு டேப்பில் தனித்தனியாக நான்கு தடங்களில் பதியலாம். டிரம்ஸ், கிடார், பியானோ, குரல் என்று நான்கும் நிரம்பிவிட்டால் இடமில்லை. அவற்றைக் கலந்து இன்னொரு டேப்பில் ஒன்றிரண்டு டிராக்காகச் சுருக்கிவிட்டு, மிச்ச இடத்தில் அடுத்ததைப் பதிவார்கள். சுருக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கொஞ்சம் ஏறும். முதலில் பதிவானது கொஞ்சம் மங்கும். பெரும்பாலும் முதலில் பதிவானது டிரம்ஸ். 2017இல் அவர்கள் சுருக்குவதற்கு முந்தைய டேப்புகளைத் தேடி எடுத்து, கணினியில் ஒன்றோடொன்று பொருத்திக் கலந்தார்கள். ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸ் உங்களுக்கு உயிரோடு கேட்பதற்கு முதல் காரணம் இதுதான்.

சரி, இரண்டாவது காரணத்தையும் சொல்லியாக வேண்டும். 2017 பதிப்பு அப்பாவின் சிடியைவிடச் சத்தமானது. இரண்டு ஒலிகளில் ஒன்று கொஞ்சம் உரக்க இருந்தால், நம் காது அதைச் ‘சத்தம்’ என்று சொல்லாமல் ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிடும். நான் முதல்முறை கேட்டபோது ஒரு பக்கம் முழுக்கப் புகழ்ந்து குறிப்பு எழுதினேன். பக்கத்திலிருந்த நண்பர் எதுவும் பேசாமல் புதியதன் வால்யூமைக் குறைத்து, குரல் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும்படி வைத்தார். அப்புறம் எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டார். என் குறிப்பில் பாதியை அடித்துவிட வேண்டியதாயிற்று. அடிக்காமல் நின்றவை இரண்டு: பால் மெக்கார்ட்னியின் பேஸ் கிடார், இரைச்சல் விலகிய தந்தி வாத்தியங்கள். அவை உண்மையான முன்னேற்றம். நீங்களும் அப்பாவும் ஒருநாள் இப்படி உட்காருங்கள். மாற்றிப் போட மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும்.

கேள்வி: ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ பாட்டு புதிய பதிப்பில் வேகமாக ஓடுகிறது. என் பிளேயர் கெட்டுவிட்டதா, அவர்கள் கெடுத்துவிட்டார்களா?

இரண்டும் இல்லை. உங்கள் காது நல்ல காது. 1967இல் இந்த ஆல்பத்துக்கு மோனோ (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்), ஸ்டீரியோ (ஒலிகளை இடது, வலது எனப் பிரித்து) என்று இரண்டு கலவைகள் தனித்தனியாகச் செய்யப்பட்டன. மோனோவில் இந்தப் பாட்டின் டேப்பைச் சற்று வேகமாக ஓட்டியிருக்கிறார்கள். ஸ்டீரியோவில் அப்படிச் செய்யவில்லை. நம் சுருதிக் கணக்கில் சொன்னால் ஸ்டீரியோ 3 கட்டை, மோனோ 4 கட்டை. ஹார்மோனியத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது, அடுத்தடுத்த ஸ்வரம்தான். ஆனால் வேகமும் சேர்ந்து ஏறுவதால் பாட்டின் முகமே மாறிவிடுகிறது. 2017 பதிப்பு ஸ்டீரியோவாக இருந்தாலும் மோனோவின் வேகத்தை எடுத்துக்கொண்டது.

எனக்கு இதில் திடமான ஓர் அபிப்பிராயம் உண்டு. விடியற்காலையில் வீட்டைவிட்டுப் போகும் பெண்ணின் கதை இது. பீட்டில்ஸ் யாரும் இதில் வாத்தியம் வாசிக்கவில்லை. வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ், ஹார்ப், மேலே மெக்கார்ட்னி, குழுவின் இன்னொரு பாடகர் ஜான் லெனன் ஆகியோரின் குரல்கள், அவ்வளவுதான். 3 கட்டையில் கேட்டால் பெற்றோரின் துக்கம் முன்னால் நிற்கிறது. 4 கட்டையில் அந்தப் பெண்ணின் கால்கள் நடக்கின்றன. பல வருடம் 3 கட்டையில் கேட்டுப் பழகியவன் நான். ஆனாலும் 4 கட்டைதான் சரி என்பேன்.

கேள்வி: ஐம்பது வருடம் கேட்ட ஒன்றை யாரோ மாற்றி, அதே அட்டையில் விற்பது அநியாயம். பழையது பழையதாகவே இருக்கட்டுமே?

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. புதியது வந்ததால் பழையது கடையிலிருந்து மறைந்திருந்தால் நானும் உங்களோடு நின்றிருப்பேன். ஆனால் ‘பழையது’ என்று நீங்கள் காக்க நினைப்பது எது? மோனோ கலவை நடந்தபோது பீட்டில்ஸ் கூடவே உட்கார்ந்து, இது ஏறட்டும், அது இறங்கட்டும் என்று சொன்னார்கள். ஸ்டீரியோவைப் பெரும்பாலும் அவர்கள் இல்லாமல் ஜார்ஜ் மார்ட்டினும் பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் குறைந்த நேரத்தில் முடித்தார்கள். நாம் ஆயுள் முழுக்கக் கேட்டது அந்த ஸ்டீரியோவை.

என் கதையைச் சொல்கிறேன். என் முதல் டேப் ரெக்கார்டரில் வலது ஸ்பீக்கர் வேலை செய்யாது. ஆல்பத்தின் கடைசிப் பாட்டான ‘எ டே இன் த லைஃப்’ ஸ்டீரியோவில் லெனனின் குரல் வலது பக்கம் தொடங்கி, மெல்ல நடுவுக்கு வந்து, இடது பக்கம் போகும். அதனால் எனக்குக் கிடாரும் பியானோவும் மட்டும் முதலில் கேட்டன. குரல் எங்கோ தொலைவில் கசிந்து, போகப்போகத்தான் கிட்டே வந்தது. பாட்டே அப்படித்தான் என்று நம்பி அதை நேசித்தேன். பிறகு மோனோவைக் கேட்ட அன்று, முதல் சொல்லிலேயே குரல் எதிரே நின்றது. ஒரு மணி நேரம் வேறு எதையும் கேட்க முடியவில்லை. அதனால் உங்களுக்கு என் சிபாரிசு 2009இல் வந்த மோனோ பதிப்பு. ஒலியை அமுக்கிச் சத்தம் கூட்டும் லிமிட்டரை அதில் பயன்படுத்தவில்லை. 2017 கலவையும் மோனோவை வழிகாட்டியாக வைத்துத்தான் செய்யப்பட்டது. அதனால்தான் அதை அநியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: ஆல்பம் முடிந்ததும் ஏதோ விசில் கேட்கிறது என்று மகள் காதைப் பொத்திக்கொள்கிறாள். எனக்கு எதுவும் கேட்கவில்லையே?

மகள் சொல்வது சரி. சுமார் 15,000 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு கீச்சொலியை வேண்டுமென்றே வைத்தார்கள், நாய்களுக்குக் கேட்கட்டும் என்று. வயது ஏற ஏற அந்த உயரத்து ஒலிகள் நம்மை விட்டுப் போய்விடும். எனக்கும் போய்விட்டது. அதைத் தொடர்ந்து வரும் உளறல் பேச்சு இருவருக்கும் கேட்கும்.

கேள்வி: கடைசி பியானோ ஒலி அடங்கும்போது நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்கிறது. ரீமாஸ்டரில் இதையாவது நீக்கியிருக்கலாமே?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். 1967 பிப்ரவரி 22 அன்று பல பியானோக்களில் ஒரே நேரத்தில் அழுத்திய ஸ்வரக்கூட்டு அது. 40 விநாடிக்கு மேல் நீள்கிறது. ஒலி தேயத் தேய எமெரிக் பதிவின் அளவை ஏற்றிக்கொண்டே போனார். கடைசியில் அறையின் மூச்சே டேப்பில் ஏறிவிட்டது. அந்த நாற்காலியும் அப்படி வந்ததுதான். இரைச்சலை வடிகட்டும் மென்பொருளை அங்கே ஓட்டினால் நாற்காலியோடு பியானோவின் வாலும் அறுந்துவிடும். எந்தப் பதிப்பு கைக்கு வந்தாலும் நான் முதலில் அந்த இடத்துக்குத்தான் போவேன். நாற்காலி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகுதான் முதல் பாட்டுக்கு வருவேன்.