கடலைக் காட்டுப் பன்றி: மாலையில் காணோம், காலையில் சேதம்

கடலைக் காட்டுக்கு மாலையில் வந்துகொண்டிருந்த காட்டுப்பன்றிகளைக் காணோம், ஆனாலும் காலையில் பார்த்தால் சேதம், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பன்றிகள் போய்விடவில்லை, வரும் நேரத்தைத்தான் மாற்றியிருக்கின்றன. பட்டாசு போட ஆரம்பித்த பிறகுதான் மாலையில் கண்ணில் படவில்லை என்கிறீர்கள்; பெரும்பாலும் அதுதான் காரணம். தொந்தரவு கூடினால் காட்டுப்பன்றி நடுநிசிக்குத் தள்ளிப்போகும். அதோடு இது கோடை வேறு. பன்றிக்கு வியர்த்து உடம்பு தணியாது. பகலெல்லாம் புதரிலும் சேற்றிலும்தான் கிடை.

ஓடைப் பக்கம் சேற்றுக்குழி இருக்கிறதா பாருங்கள். அருகில் உள்ள மரத்தில் முழங்கால் உயரத்துக்குச் சேறு அப்பி, அது ஈரம் காயாமல், முரட்டு மயிரும் ஒட்டியிருந்தால் பக்கத்திலேயேதான் தங்கல். காவலைப் பின்னிரவுக்கு மாற்றுங்கள்.

தனியாகப் புதருக்குள் போகாதீர்கள், குட்டியோடு இருக்கும் தாய் பாய்ந்துவிடும். வேலியில் வீட்டு மின்சாரம் மட்டும் வேண்டவே வேண்டாம்; யானையும் செத்திருக்கிறது, மனிதர்களும் செத்திருக்கிறார்கள்.