பழைய கோடரித் தலை: இரும்பா, எஃகா, இரண்டுமா?

கேள்வி: தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்குக் கொண்டுவந்த கைக்கோடரியின் தலை மட்டும் பரணில் கிடைத்தது. காம்பும் இல்லை, முத்திரையும் தெரியவில்லை, காந்தம் ஒட்டுகிறது. அது எந்த உலோகம்? கொல்லர் அடித்ததா, தொழிற்சாலையில் செய்ததா? காம்பு போட்டுப் பயன்படுத்தலாமா?

பதில்: காந்தம் தேனிரும்பு (கரிமம் மிகக் குறைந்த மென்மையான இரும்பு), எஃகு, வார்ப்பிரும்பு மூன்றையும் இழுக்கும் என்பதால், அந்தச் சோதனை இதற்கு உதவாது. ஒரே உலோகம்தான் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். எஃகு அரிதாகவும் விலை மிக்கதாகவும் இருந்த காலத்தில், உடலைத் தேனிரும்பில் அடித்து, வெட்டுவாயில் மட்டும் எஃகுத் துண்டைச் செருகி உலைச் சூட்டில் ஒட்டவைப்பது பரவலான வழக்கம்.

முதலில் தலையை வினிகரில் ஓரிரவு ஊறவைத்து, நார்த் தூரிகையால் துருவை அகற்றுங்கள். கம்பிச் சக்கரம் மங்கிய முத்திரையையும் சுத்தியல் தடத்தையும் சேர்த்தே அழித்துவிடும். பிறகு காம்பு நுழையும் துளையை வெளிச்சத்தில் பாருங்கள். பட்டையை மடித்து ஒட்டியிருந்தால், துளையின் முன்பக்க உட்சுவரில் இணைப்புக் கோடு பெரும்பாலும் தென்படும்; உளியால் துளைத்து விரித்திருந்தால் கோடு இராது. இரு முகங்களும் அச்சில் வார்த்தாற்போல் ஒத்திருந்து, ஓரத்தின் நடுவில், அச்சுகளுக்கிடையே பிதுங்கிய உலோகத்தைச் சீவிய தடம் ஓடினால், அது பெரும்பாலும் தொழிற்சாலையில் அச்சுக்குள் வைத்து அடித்தது. ஆனால் அரைத்துப் பளபளப்பாக்கிய தலையில் அந்தத் தடம் மறைந்திருக்கலாம்.

உலோகத்தைப் பற்றி உறுதியாகப் பேசுவது அரிப்புச் சோதனைதான். ஒரு பக்கத்தில், வெட்டுவாயிலிருந்து துளை வரை குறுகிய பட்டையாகத் தேய்த்து மெருகேற்றி, மின்சுற்றுப் பலகைகளை அரிக்கப் பயன்படும் ஃபெரிக் குளோரைடை நீர்த்துப் பூசுங்கள். மும்பை லாமிங்டன் சாலையின் மின்னணுக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கையுறை அணிந்து, பிளாஸ்டிக் பாத்திரத்தில் கலந்து, சில நிமிடங்களில் கழுவி, சமையல் சோடா கரைசலில் தோய்த்து, உலர்த்தி எண்ணெய் தடவ வேண்டும். எஃகு கருமையாகும்; தேனிரும்பு வெளிறி, மரத்தின் நாரைப் போன்ற நீள வரிகளைக் காட்டும். அவை இரும்போடு சேர்த்து அடிக்கப்பட்ட கசடின் இழைகள். இரண்டுக்கும் நடுவே கோடு தெரிந்தால், அதுவே ஒட்டு. வரியே இல்லாமல் உடல் சீராக இருந்தால், எஃகைப் பேரளவில் மலிவாகத் தயாரிக்கும் பெஸ்ஸமர் முறை வந்த 1856-க்குப் பிந்தைய மென் எஃகாக இருக்க வாய்ப்பு மிகுதி.

சாணையில் பிடித்துத் தீப்பொறி பார்க்கச் சிலர் சொல்வார்கள்; பொருளைத் தின்னும் அந்தச் சோதனை இங்கே தேவையில்லை. அரத்தை வெட்டுவாயில் மெல்ல இழுத்தாலே போதும்: வழுக்கினால் பதம் (சூடாக்கிக் குளிர்வித்து ஏற்றிய கடினம்) இன்னும் இருக்கிறது, எளிதில் கடித்தால் பதம் போய்விட்டது, அல்லது எஃகு தேய்ந்து தீர்ந்துவிட்டது.

வயதை மட்டும் செய்முறையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஊர்ப் பட்டறைகளில் பழைய முறை நெடுங்காலம் தொடர்ந்தது. லாரியின் வில் பட்டைகளை வெட்டிக் கோடரி அடித்த கொல்லர்களும் உண்டு.

காம்பு போடுவதற்கு முன், ஒட்டுக் கோட்டிலும் துளையின் மூலைகளிலும் விரிசல் உண்டா என்று பாருங்கள். இருந்தால் மரத்தில் ஓங்க வேண்டாம். இல்லையெனில், வாயைத் தண்ணீர் தொட்டுக் கல்லில் தீட்டுங்கள். உலர்ந்த சாணையில் பிடித்து நீலம் பாரித்துவிட்டால் அந்த இடத்தின் பதம் இறங்கிவிடும்.