காட்டு வேலைக்குக் காசு கட்டலாமா?

கேள்வி: அக்கா, இந்த ஆண்டுதான் பி.எஸ்சி. தாவரவியல் முடித்தேன். காடுகளைப் பாதுகாக்கும் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இருபது இடங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியதில் இரண்டு இடங்களிலிருந்து பதில் வந்தது. முதலாவது ஒரு மாத இன்டர்ன்ஷிப். தங்குமிடம், சாப்பாடு, டி-ஷர்ட், சான்றிதழ் எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் 18,000 ரூபாய் கட்ட வேண்டுமாம். மற்றொன்று ஆறு மாத நாற்றங்கால் வேலை. தங்க இடமும் சாப்பாடும் மாதாமாதம் சிறு உதவித்தொகையும் தருவார்களாம். அப்பா ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறார். "காசு கொடுத்து வேலை செய்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று கேலி செய்கிறார். நாற்றங்கால் என்றால், "பட்டம் வாங்கியது மண் அள்ளவா?" என்கிறார். அம்மாவோ குரங்கணிக் காட்டுத்தீயை நினைத்து அழுகிறார். நான் என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், போடிநாயக்கனூர்

பதில்: அக்கா என்று எழுதிவிட்டாய், நானும் 'நீ' என்றே எழுதுகிறேன்.

பணம் கட்டும் விஷயத்தில் உன் அப்பா பக்கம்தான் நான். பாடம் நடத்துகிறவர்கள் கட்டணம் வாங்குவதில் தவறில்லை. பயிற்சி வகுப்பு என்று பெயர் வைத்து, யார் நடத்துகிறார், எத்தனை நாள், என்ன கற்றுத் தருவார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கட்டும். உன்னிடம் வேலையையும் வாங்கிக்கொண்டு பணத்தையும் வாங்கினால் அது சுற்றுலா. 18,000 ரூபாய்க்கு ஒரு மாதம் மலையில் இருந்துவிட்டு வருவது மோசமான சுற்றுலா என்று சொல்ல மாட்டேன். ஆனால் சுற்றுலா என்று தெரிந்து போக வேண்டும். இந்தத் துறையில் வசதியான வீட்டுப் பிள்ளைகளின் முகங்களே அதிகம் தெரிகின்றன. வருமானமில்லாத முதல் ஆண்டை அவர்கள் வீடு தாங்கிக்கொள்கிறது என்பது அதற்கு ஒரு காரணம். உன் வீடு தாங்க வேண்டியதில்லை. நாற்றங்காலுக்குப் போ.

மண் அள்ளவா என்று கேட்கிறார் அப்பா. ஆமாம், அள்ளத்தான். வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த திவ்யா முடப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மழைக்காட்டை மீட்டெடுக்கும் பணியைச் செய்துவருகிறார்கள். அங்கே தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே காடு துண்டு துண்டாகத்தான் எஞ்சியிருக்கிறது. அந்தத் துண்டுகளில் உண்ணிச்செடியை வெட்டி அகற்றிவிட்டு, அந்த மலைக்கே உரிய மரங்களை நடுகிறார்கள். வெடிப்பலாக் கன்றையும் கருங்குங்கிலியக் கன்றையும் எந்த நர்சரியில் போய் விலைக்கு வாங்குவது? விதை பொறுக்கி, சதையைக் கழுவி, பையில் ஊன்றி, நடும் உயரம் வரும்வரை ஒருவர் காக்க வேண்டும். மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை காய்ந்தால் செத்துவிடும். நெல்லைப் போல மூட்டை கட்டி வைக்க முடியாது.

நானும் இப்படி ஒரு நாற்றங்காலில்தான் தொடங்கினேன். எந்த மலை, எந்த நிறுவனம் என்பது வேண்டாம். சேர்ந்த இரண்டாம் மாதம் காட்டிலவங்க விதைகளையும் அதன் உறவுக்கார மரமொன்றின் விதைகளையும் அடுத்தடுத்த பாத்திகளில் ஊன்றினேன். பெயர்ச்சீட்டுகளைப் பேனாவால் எழுதி வைத்தேன். நான்கு நாள் மழை. ஐந்தாம் நாள் சீட்டில் நீலத் தீற்றல் மட்டும் இருந்தது. ஏறத்தாழ நானூறு பைகள்; எது எந்த மரம், எந்தத் தாய்மரத்து விதை, எதுவும் தெரியவில்லை. முளைத்து இலை விட்ட பிறகு, அங்கே வேலை செய்த ஒரு பாட்டி வரிசையாக நடந்து, ஒவ்வொரு கன்றிலும் இலை நுனியைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்துப் பிரித்துக் கொடுத்தார். அரை நாள் ஆனது. பட்டம் வாங்கிய நான் பின்னாலேயே பென்சிலோடு போனேன். தாவரவியலில் என் உண்மையான முதல் வகுப்பு அதுதான்.

இருபது மின்னஞ்சல்களுக்குப் பதினெட்டுப் பேர் பதில் போடாததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. உன் கடிதம் எப்படித் தொடங்கியிருக்கும் என்று ஊகிக்கிறேன்: "சிறு வயதிலிருந்தே இயற்கையை நேசிக்கிறேன்." அந்த வரியை நான் நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன். பொய் என்று சொல்லவில்லை. அதை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க வழியில்லை, அவ்வளவுதான். உன்னை வேலைக்கு எடுப்பவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே: யாரும் பார்க்காதபோதும் இந்தப் பெண் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவாளா? இதைக் காட்ட நீ காட்டுக்குப் போக வேண்டியதில்லை. மரங்களின் பருவ மாற்றத்தைப் பதியும் சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் பெயரைப் பதிந்துகொண்டு, உங்கள் தெருவில் நிற்கும் புளியமரத்தை வாரம் ஒருமுறை பார்த்து, தளிர், பூ, காய் எந்த அளவில் என்று குறித்து வா. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும். அதே மாதத்தில் திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கும். இரண்டும் ஆர்வலர்களை நம்பி நடப்பவை. அடுத்த கடிதத்தை, "ஒரே மரத்தை முப்பது வாரம் பார்த்திருக்கிறேன், நான்கு வாரம் தவறவிட்டேன்" என்று தொடங்கு. தவறவிட்ட வாரங்களையும் சொல்கிறவளுக்குத்தான் நானாக இருந்தால் வேலை கொடுப்பேன்.

இன்னொன்றும் தெரிந்து போ. இந்த வேலையில் பாதி, மனிதர்களோடு. 1993-இல் தொடங்கி, கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் ஃபவுண்டேஷன் தேன் எடுக்கும் பழங்குடி மக்களோடுதான் தன் வேலையை ஆரம்பித்தது. வால்பாறையில் யானை வரும் தகவலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் குறுஞ்செய்தியாகவும், கைபேசியால் எரியவைக்கும் சிவப்பு விளக்காகவும் கொண்டு சேர்க்கிறார்கள். அந்த முயற்சியை நடத்திய ஆனந்தகுமாருக்கு 2015-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. இருட்டில் வேலை முடிந்து தோட்டக் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பும் ஒருவருக்கு அந்த விளக்கு எங்கே நட்டால் கண்ணில் படும் என்பதை அவரிடமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். உனக்குத் தமிழ் நன்றாகப் பேசவும் எழுதவும் வருகிறதே, அதைக் குறையாக நினைத்து ஆங்கிலத்துக்குப் பின்னால் ஒளிக்காதே. விண்ணப்பத்தில் முதல் வரியிலேயே போடு. கடையில் அப்பாவின் பேரேட்டைப் பார்த்துக்கொண்டது உண்டா? அதையும் போடு. ரசீது ஒழுங்காக வைக்கத் தெரிந்த களப்பணியாளர் வேங்கையைவிட அரிது.

சம்பளத்தை மறைக்காமல் சொல்கிறேன். அதிகம் இருக்காது, அதைவிட, நிரந்தரம் இருக்காது. பெரும்பாலும் ஒரு திட்டத்துக்கு வந்த பணத்தில் உன்னை எடுப்பார்கள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி மரம் நட ஓடி வரும், நட்ட மரத்தை ஐந்தாண்டு பார்த்துக்கொள்கிறவரின் சம்பளத்துக்கு அவ்வளவு ஓடி வராது. வெளிநாட்டு நிதியிலோ, 2020-இல் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்திய பிறகு நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகிவிட்டது. அதனால் சேரும் முன்பே எழுத்தில் கேள்: எத்தனை மாதம், எவ்வளவு, எந்தத் தேதியில், வேலைக்கு நடுவே காய்ச்சல் வந்தால் மருத்துவச் செலவு யாருடையது? கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்காதே. தப்பாக நினைக்கிற இடத்தைச் சேரும் முன்பே தெரிந்துகொண்டால் லாபம்தானே.

மேலே படிப்பதானால் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் வன உயிரியல் முதுகலை இருக்கிறது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறி அரசு நிதியில் நடக்கும் ஆய்வில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் உண்டு. அப்பாவுக்கு இந்த எண்ணைச் சொல். கொஞ்சம் முகம் மலரும்.

அம்மாவின் அழுகையை அப்படிக் கடந்துபோக முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்தது மற்ற ஊர்க்காரர்களுக்குத் தொலைக்காட்சிச் செய்தி. போடிக்காரர்களுக்குக் கண்ணெதிரே எரிந்த மலை. பயப்படாதீர்கள் என்று நீ சொன்னால் அவர் நம்ப மாட்டார். கேட்க வேண்டிய கேள்விகளை அவரையே கேட்கச் சொல். தீக்காலத்தில் காட்டுக்குள் போவீர்களா, போனால் யார் முடிவு செய்வது? வனத்துறை அனுமதி இருக்கிறதா? சரணாலயத்துக்குள் ஆய்வு என்றால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. தாளைக் காட்டச் சொல். தனியாக அனுப்புவார்களா? பெண்கள் தங்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொந்தரவுகளை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சம்பளமில்லாத பயிற்சியாளருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். குழுவில் யார் இருக்கிறார் என்று பெயரோடு சொல்லத் தெரியாத இடத்துக்கு, காடு எவ்வளவு அழகாக இருந்தாலும் போகாதே.

சேரும் நாளில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. ஒரு நாள் தங்கி, விதை பிரிக்கும் மேசை அருகே உட்காரட்டும். பருமனையும் நிறத்தையும் பார்த்து ஏலக்காய் பிரித்துப் பழகிய கை. சும்மா இருக்காது, நீயே பார்ப்பாய். கிளம்பும்போது அட்டைப்பூச்சி கடிக்காதபடி நெருக்கமான துணியில் நீளக் காலுறை இரண்டு ஜோடியும், மழைக்கோட்டும், ஒரு டஜன் பென்சிலும் எடுத்துக்கொள். பேனா வேண்டாம்.