குறையைச் சொன்னால் கோபமா?

கேள்வி: இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பு கழன்றிருப்பதைச் சுட்டிக்காட்டிய ஊழியரை எங்கள் மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார்; அன்று முதல் யாரும் வாய் திறப்பதில்லை. இது வெறும் மனக்கசப்புதானா?

பதில்: இல்லை, ஆபத்து. அந்த அவமானத்தைக் கண்டவர்கள், நாளை மின்கம்பியின் உறை கிழிந்திருப்பதையோ எண்ணெய் கசிவதையோ பார்த்தாலும், நமக்கேன் வம்பு என்று கடந்துபோவார்கள். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்வெளி ஓடம் சிதறி 7 பேர் இறந்ததற்கு முந்தைய இரவில், கடுங்குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்களை நம்ப முடியாது என்று பொறியாளர்கள் வாதாடியும் மேலாளர்கள் அதைப் புறந்தள்ளினர். உங்கள் இயந்திரத்தின் தடுப்பு மீண்டும் பொருத்தப்பட்டதா என்பதே என் முதல் கவலை. இல்லையெனில், தேதியிட்டு, பலர் கையொப்பத்துடன் மேலிடத்துக்கு இன்றே எழுதுங்கள். கடுமையான உடனடி ஆபத்து உள்ளதென நியாயமான காரணத்துடன் நம்பி வேலையிலிருந்து விலகுபவருக்குப் பாதுகாப்பளிக்க வேண்டுமென்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 155) கூறுகிறது.